தண்டிக்க ஆளில்லாத சட்டம் சட்டம்தானா? சர்வதேச சட்டத்தின் அடித்தளம் பற்றி ஒரு விவாதம்

அகல்விழி

ஐ.நா. சாசனத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை வாசித்து முடித்தேன். பிரிவு 2-இன் நான்காவது பத்தி, எந்த நாடும் இன்னொரு நாட்டின் மீது படைபலத்தைப் பயன்படுத்தக்கூடாது, அப்படி மிரட்டவும் கூடாது என்கிறது. இதைவிடத் தெளிவாக எழுத முடியாது. அப்புறம் செய்தித்தாளைத் திறந்தால் அந்தப் பத்தி எழுதப்பட்டதே யாருக்கும் தெரியாதது போலத்தான் உலகம் நடக்கிறது.

ஜான் ஆஸ்டின் என்ற ஆங்கிலேயச் சட்ட அறிஞர் 19-ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார்: கட்டளையிட ஓர் அரசன் வேண்டும், மீறினால் தண்டனை வேண்டும், இரண்டும் இல்லாததால் நாடுகளுக்கு இடையே இருப்பது வெறும் ஒழுக்கநெறி, சட்டம் இல்லை என்று. அவர் சொன்னது சரிதானே என்று தோன்றுகிறது. இந்தச் சட்டத்தை யார் இயற்றியது? ஒரு நாடு ஏன் அதற்குக் கட்டுப்பட வேண்டும்? படித்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.

கடலோடி

ஆஸ்டின் சொன்னது சரி. ஓர் எடுத்துக்காட்டு போதும். 1986-இல் நிகரகுவா தொடுத்த வழக்கில் ஹேக் நகரில் உள்ள சர்வதேச நீதிமன்றம் அமெரிக்காவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. துறைமுகங்களில் கண்ணிவெடி வைத்ததும், அரசை எதிர்த்துப் போராடிய கொண்ட்ரா படைகளுக்கு ஆயுதமும் பயிற்சியும் கொடுத்ததும் சட்டமீறல், நட்டஈடு தர வேண்டும் என்றது. அமெரிக்கா அதற்கு முன்பே வழக்கிலிருந்து விலகிவிட்டது. தீர்ப்பை நிறைவேற்றச் சொல்லி ஐ.நா. பாதுகாப்பு அவைக்கு வந்த தீர்மானத்தையும் வீட்டோ செய்தது, அதாவது தன் ஒற்றை எதிர்வாக்கால் தடுத்துவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவரே தண்டனையை ரத்து செய்யும் ஏற்பாட்டுக்குச் சட்டம் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

நெடுவழி

கடலோடி சொன்ன வழக்குக்குக் கட்டாயம் வருவேன். அகல்விழியின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

ஆஸ்டினின் கணக்கில் மேலே ஒருவர், கீழே குடிமக்கள். நாடுகளுக்கு இடையே அந்த மேல்-கீழ் கிடையாது. சாசனத்தின் பிரிவு 2 தொடங்குவதே எல்லா உறுப்பு நாடுகளும் இறையாண்மையில் சமம் என்ற கொள்கையோடுதான். சமமானவர்களுக்கு இடையே சட்டம் பிறக்க வேண்டுமென்றால் அவர்களே அதை உண்டாக்க வேண்டும், அவர்களே தங்களைக் கட்டிக்கொள்ளவும் வேண்டும். இரண்டு வழிகளில் அதைச் செய்கிறார்கள். ஒன்று, எழுதிக் கையெழுத்திடும் ஒப்பந்தம். மற்றொன்று, நாடுகளின் நடத்தையிலிருந்து வளரும் வழக்காறு. சர்வதேச நீதிமன்றத்தின் அமைப்புச் சட்டம், பிரிவு 38-இல், இந்த இரண்டோடு பொதுவான சட்டக் கோட்பாடுகளையும் சேர்க்கிறது. முந்தைய தீர்ப்புகளும் அறிஞர்களின் எழுத்தும் துணைக்கு மட்டும்.

போர்ச் செய்தியை வைத்து மட்டும் இந்தச் சட்டத்தை எடைபோடுவது நியாயம் இல்லை. 1865-இல் நாடுகள் தந்திச் சங்கம் அமைத்தன, 1874-இல் அஞ்சல் ஒன்றியம் அமைத்தன. 1944-இல் சிகாகோவில் கையெழுத்தான விமானப் போக்குவரத்து ஒப்பந்தத்தின்படிதான் இந்த நிமிடமும் விமானங்கள் ஒரு நாட்டின் வான்வெளியிலிருந்து இன்னொன்றுக்குள் நுழைகின்றன. தூதரகத்துக்குள் அனுமதியில்லாமல் போலீஸ் நுழையக்கூடாது என்கிறது 1961-ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தம். பகை நாடுகள்கூடப் பெரும்பாலும் இதை மதிக்கின்றன, ஏனென்றால் தங்கள் தூதரும் அங்கே இருக்கிறார். இதையெல்லாம் யாரும் செய்தியாக எழுதுவதில்லை.

கட்டுப்படுவது ஏன் என்றால், அடித்தளம் இதுதான்: கொடுத்த வாக்கை நல்லெண்ணத்தோடு காப்பாற்ற வேண்டும். ஒப்பந்தங்களைப் பற்றிய 1969 வியன்னா ஒப்பந்தத்தின் பிரிவு 26 இதைத்தான் சொல்கிறது. அடுத்த பிரிவு, உள்நாட்டுச் சட்டத்தைச் சாக்குச் சொல்லி ஒப்பந்தத்தை மீற முடியாது என்கிறது. இந்த இரண்டையும் எடுத்துவிட்டால் மிச்சம் எதுவும் நிற்காது.

சட்டமாணவி

ஒப்பந்தம் புரிகிறது, கையெழுத்து இருக்கிறது. வழக்காறுதான் எனக்கு வகுப்பிலும் தலை சுற்ற வைக்கிறது. ஒரு நாட்டின் தலைவர் வந்தால் சிவப்புக் கம்பளம் விரிக்கிறார்கள். எல்லா நாடுகளும் செய்கின்றன, நெடுங்காலமாகச் செய்கின்றன. நாளைக்கு ஒரு நாடு விரிக்காவிட்டால் சட்டமீறலா? இல்லையென்றால் எந்தப் பழக்கம் சட்டமாகிறது, எது ஆகாது, யார் முடிவு செய்வது?

பழுப்பேடு

நல்ல கேள்வி. கம்பளம் சட்டமாகாததற்குக் காரணம், விரிக்கிற நாடு அதை மரியாதையாக நினைத்து விரிக்கிறது, கடமையாக நினைத்து இல்லை. 1969-இல் வடகடலின் கண்டத்திட்டை, அதாவது கரையை ஒட்டிய கடலடித் திட்டை, பங்கிடுவது பற்றிய வழக்கில் நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது. நடைமுறை இருந்தால் போதாது, அது சட்டப்படி தன்னைக் கட்டுப்படுத்துகிறது என்ற நம்பிக்கையோடு நாடு அப்படி நடந்திருக்க வேண்டும். அந்த வழக்கில் டென்மார்க்கும் நெதர்லாந்தும் இரு நாட்டுக் கரைகளிலிருந்தும் சம தூரத்தில் எல்லைக் கோடு போடுவது வழக்காறாகிவிட்டது என்று வாதாடின. மேற்கு ஜெர்மனி ஏற்கவில்லை. நீதிமன்றமும் ஏற்கவில்லை.

காலம் நீண்டிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 1945-இல் அமெரிக்க அதிபர் ட்ரூமன், தங்கள் கரையை ஒட்டிய கடலடித் திட்டின் வளங்கள் தங்களுக்கே என்று அறிவித்தார். மற்ற நாடுகள் எதிர்ப்பதற்குப் பதிலாகத் தாங்களும் அதே மாதிரி அறிவித்தன. பதின்மூன்று ஆண்டுகளில், 1958 ஜெனீவா மாநாட்டில், அது ஒப்பந்தமாகவே எழுதப்பட்டது.

யார் முடிவு செய்வது என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த வழக்கு லோட்டஸ். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1926 ஆகஸ்ட் 2-ஆம் தேதி, நடுக்கடலில் லோட்டஸ் என்ற பிரெஞ்சுக் கப்பல் போஸ்-கூர்ட் என்ற துருக்கியக் கப்பலில் மோதியது. துருக்கியர் எட்டுப் பேர் இறந்தார்கள். லோட்டஸ் இஸ்தான்புல்லுக்கு வந்ததும், மோதலின்போது பணியில் இருந்த பிரெஞ்சு அதிகாரியைத் துருக்கி கைது செய்து வழக்குத் தொடுத்தது. பிரான்ஸ் கொதித்தது: மோதல் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடலில் நடந்தது, எங்கள் கப்பலில் இருந்த எங்கள் ஆளை விசாரிக்க உங்களுக்கு அதிகாரம் கொடுக்கும் விதி எங்கே என்று கேட்டது. துருக்கி திருப்பிக் கேட்டது: விசாரிக்கக்கூடாது என்று தடுக்கும் விதி எங்கே?

இரண்டு நாடுகளும் சம்மதித்து வழக்கை இன்றைய சர்வதேச நீதிமன்றத்துக்கு முன்னோடியான, அன்றைய நிரந்தர சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோயின. 1927 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் ஆறுக்கு ஆறாகப் பிரிந்தார்கள், தலைவரின் கூடுதல் வாக்கில் துருக்கி வென்றது. நாடுகளைக் கட்டுப்படுத்தும் விதிகள் அவற்றின் சொந்த விருப்பத்திலிருந்தே வருகின்றன, சுதந்திரத்துக்குக் கட்டுப்பாடு இருப்பதாக ஊகிக்க முடியாது என்றது நீதிமன்றம். மோதல் வழக்குகளில் கப்பலின் கொடி நாடு, அதாவது கப்பல் எந்த நாட்டுக் கொடியோடு ஓடுகிறதோ அந்த நாடு, மட்டுமே விசாரிக்கும் வழக்கம் இருக்கிறதே என்ற பிரான்சின் வாதத்துக்கு வந்த பதிலில்தான் சட்டமாணவியின் கேள்விக்கும் விடை இருக்கிறது. மற்ற நாடுகள் வழக்குத் தொடுக்காமல் இருந்தன, சரி, ஆனால் தொடுக்கக்கூடாது என்ற கடமை உணர்வால் இருந்தன என்பதற்குச் சான்று இல்லை என்றது.

கதை அங்கே முடியவில்லை. மாலுமிகளுக்கு இந்தத் தீர்ப்பு பெரிய அச்சத்தைக் கொடுத்தது. எந்தத் துறைமுகத்தில் எவன் கைது செய்வானோ என்ற நிலை. நாடுகள் கூடிப் பேசின. 1958 திறந்த கடல் ஒப்பந்தமும், பிறகு 1982 கடல் சட்ட ஒப்பந்தத்தின் பிரிவு 97-உம் நேர்மாறாக எழுதின: நடுக்கடல் மோதலில் கப்பலின் கொடி நாடோ அந்த ஊழியரின் தாய்நாடோ மட்டுமே வழக்குத் தொடுக்கலாம். நீதிமன்றம் சொன்னதை நாடுகள் ஒப்பந்தத்தால் மாற்றிவிட்டன. சட்டம் இயற்றும் கை யாருடையது என்று இதில் தெளிவாகத் தெரியும்.

கடலோடி

பழுப்பேடு எழுதியதை ரசித்துத்தான் படித்தேன். ஆனால் "நாடுகளின் விருப்பம்" என்று சொல்லும்போது எந்த நாடுகள் என்று கேட்க வேண்டாமா? 1884-85 பெர்லின் மாநாட்டில் ஆப்பிரிக்காவில் யார் எப்படி இடம்பிடிக்கலாம் என்று விதி வகுத்தார்கள். அந்த மேசையில் ஆப்பிரிக்கர் ஒருவர்கூட இல்லை. அதுவும் முறைப்படி கையெழுத்தான சர்வதேச ஒப்பந்தம்தான்! நெடுவழி குறிப்பிட்ட பிரிவு 38-ஐ முழுதாக வாசியுங்கள், "நாகரிகமடைந்த நாடுகள்" ஏற்ற பொதுக் கோட்பாடுகள் என்று இன்றும் அதில் இருக்கிறது. நாகரிகம் யாருக்கு இருக்கிறது என்று முடிவு செய்தவர்கள் யார் என்பது ஊருக்கே தெரியும்.

சம்மதம்தான் அடித்தளம் என்றால் இன்னொன்றும் கேட்கிறேன். இரண்டு நாடுகள் மனமொத்து அடிமை வணிகத்துக்கு ஒப்பந்தம் போட்டால் அதுவும் செல்லுமா?

நெடுவழி

செல்லாது. 1969 வியன்னா ஒப்பந்தத்தின் பிரிவு 53 இதற்காகவே எழுதப்பட்டது. எந்த நாடும் விலக்குப் பெற முடியாத கட்டாய நெறிகள் சில உண்டு, அவற்றுக்கு முரணான ஒப்பந்தம் பிறக்கும்போதே செல்லாதது. இனப்படுகொலை, அடிமைமுறை, சித்திரவதை, ஆக்கிரமிப்புப் போர் ஆகியவற்றுக்கான தடைகள் இதில் வரும். 1970-இல் பார்சலோனா டிராக்‌ஷன் வழக்கில் நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது: சில கடமைகளை ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு மட்டும் செலுத்தவில்லை, உலகச் சமுதாயம் முழுவதற்கும் செலுத்துகிறது என்றது. ஆகவே சம்மதம் என்ற அடித்தளத்துக்குக் கீழே இன்னொரு தளம் இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்பதில் அறிஞர்களுக்குள் இன்றும் சண்டை ஓயவில்லை. என்னைக் கேட்டால், இரண்டு உலகப்போர்களும் காலனி ஆட்சியும் தந்த பாடத்திலிருந்து வந்தது என்பேன்.

பெர்லின் மாநாட்டைப் பற்றிச் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க மாட்டேன். ஆனால் அதே சட்டத்தைக் காலனி நாடுகள் விடுதலை பெற்ற பின் கையிலெடுத்துத் திருப்பியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1960 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபை காலனி ஆட்சியை முடிவுக்குக் கொண்டுவரும் பிரகடனத்தை 89 வாக்குகளோடு நிறைவேற்றியது. எதிர்த்து ஒரு வாக்குகூட இல்லை, ஒன்பது நாடுகள் மட்டும் ஒதுங்கி நின்றன.

நமீபியாவின் கதையைப் பாருங்கள். அன்றைக்கு அது தென்மேற்கு ஆப்பிரிக்கா, தென்னாப்பிரிக்காவின் பிடியில் இருந்தது. 1960-இல் எத்தியோப்பியாவும் லைபீரியாவும் வழக்குத் தொடுத்தன. ஆறு ஆண்டுகள் வாதாடிய பிறகு, 1966-இல், நீதிபதிகள் ஏழுக்கு ஏழாகப் பிரிந்தார்கள். தலைவரின் வாக்கில், வழக்காடிய நாடுகளுக்கு இதில் சட்ட உரிமை இல்லை என்று தள்ளுபடி. ஆப்பிரிக்கா, ஆசியா முழுக்கக் கோபம் எழுந்தது. அது நியாயமான கோபம், இன்றைக்குப் படித்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. ஆனால் அந்த நாடுகள் சட்டத்தைக் கைவிடவில்லை. சில மாதங்களிலேயே பொதுச் சபையில் தென்னாப்பிரிக்காவின் ஆட்சியுரிமையை ரத்து செய்தார்கள். 1971-இல் அதே நீதிமன்றம், தென்னாப்பிரிக்கா அங்கே இருப்பது சட்டவிரோதம், உடனே வெளியேற வேண்டும் என்று கருத்துரை வழங்கியது. 1990 மார்ச் 21-இல் நமீபியா விடுதலை அடைந்தது. தீர்ப்பு மட்டுமே அதைச் சாதித்தது என்று சொல்ல மாட்டேன், மக்கள் போராடினார்கள், உயிர் கொடுத்தார்கள். ஆனால் உலக நாடுகள் அந்த ஆட்சியை ஏற்க மறுப்பதற்குச் சட்டம் உறுதியான காரணத்தைக் கொடுத்தது.

அகல்விழி

இவ்வளவும் சரி. ஆனாலும் கடலோடி முதலில் கேட்டதற்குப் பதில் வரவில்லை. நிகரகுவா தீர்ப்பு என்ன ஆனது? வெறும் காகிதமா?

சட்டமாணவி

அந்தத் தீர்ப்பை இந்தப் பருவத்தில்தான் படித்தோம், நானே எழுதுகிறேன். பணம் வரவில்லை. நிகரகுவாவில் ஆட்சி மாறிய பிறகு, 1991-இல், அந்த நாடே வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த அளவில் கடலோடி சொல்வது உண்மை.

ஆனால் அந்தத் தீர்ப்பில் ஒரு பகுதி இருக்கிறது, அகல்விழியின் முதல் கேள்விக்கே அது பதில் என்று நினைக்கிறேன். நாடுகள் அடிக்கடி மீறினால் படைபலத் தடை வழக்காறாக எப்படி நிற்கும் என்ற சிக்கலை நீதிமன்றம் நேரடியாக எடுத்துக்கொண்டது. நடைமுறை நூற்றுக்கு நூறு ஒத்திருக்கத் தேவையில்லை, மீறலை மீறலாக நாடுகள் நடத்தினால் போதும் என்றது. மீறும் நாடு "எனக்கு இந்த விதி பொருந்தாது" என்று சொல்லாமல், விதியிலேயே இருக்கும் விதிவிலக்கைக் காட்டித் தன்னை நியாயப்படுத்தினால், அந்தச் செயல் விதியை வலுப்படுத்துகிறது. அமெரிக்காவும் அன்று "நாங்கள் பலசாலி, அடிப்போம்" என்று சொல்லவில்லை, கூட்டுத் தற்காப்பு என்றுதான் வாதாடியது.

கடலோடி

பொய்க் காரணம் சொல்வதையே சட்டத்தின் வெற்றியாக எண்ணச் சொல்கிறீர்களா? அடிபட்டவனுக்கு அதனால் என்ன பயன்?

பழுப்பேடு

கடலோடி, அடிபட்டவருக்குப் பயன் கிடைத்த வழக்குகளும் உண்டு. லிபியாவும் சாட் நாடும் ஔசூ நிலப்பகுதிக்காக ஆண்டுக்கணக்கில் போரிட்டன. கடைசியில் இரண்டும் ஹேக் போயின. 1994 பிப்ரவரியில் தீர்ப்பு சாட் பக்கம் வந்தது, பழைய 1955 ஒப்பந்தத்தின் எல்லையை வைத்து. போரில் ஆள் இழந்த, கடாபி தலைமையிலான லிபியா, அதே ஆண்டு மே மாத இறுதிக்குள் படையை விலக்கிக்கொண்டது. ஐ.நா. பார்வையாளர்கள் நேரில் இருந்து உறுதி செய்தார்கள். நைஜீரியாவும் 2002 தீர்ப்பை முதலில் முரண்டுபிடித்து எதிர்த்தது, பிறகு பகாசி தீபகற்பத்தைக் கேமரூனிடம் ஒப்படைத்தது.

தாமதமாகவும் நடக்கும். 1946-இல் கோர்ஃபூ நீரிணையில் கண்ணிவெடியில் சிக்கி 44 பிரிட்டிஷ் மாலுமிகள் இறந்தார்கள். தன் கடற்பரப்பில் உள்ள ஆபத்தை எச்சரிக்காதது அல்பேனியாவின் குற்றம் என்று 1949-இல் தீர்ப்பு. அல்பேனியா பணம் தர ஒப்புக்கொண்டது 1992-இல்! அதே தீர்ப்பு பிரிட்டனையும் விடவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். அல்பேனியாவின் அனுமதி இல்லாமல் அதன் கடலில் கண்ணிவெடி அகற்றியது இறையாண்மை மீறல் என்றது. பலசாலியின் தலையீட்டு உரிமைக்குச் சர்வதேச சட்டத்தில் இடமில்லை என்று எழுதிய நீதிபதிகள் அவர்கள்.

இந்த நீதிமன்றத்துக்கு யாரையும் இழுத்து வர முடியாது, நாடுகள் ஏதோ ஒரு வழியில் முன்கூட்டியோ அப்போதோ சம்மதித்திருக்க வேண்டும். அதுவே அதன் பெரிய பலவீனம். தீர்ப்பு வந்த பிறகு மறுப்பவர்களும் உண்டு: தென்சீனக் கடல் பற்றி வேறொரு நடுவர் மன்றம் 2016-இல் தந்த தீர்ப்பைச் சீனா ஏற்கவே இல்லை.

அகல்விழி

தற்காப்பு என்ற கதவு வழியாகத்தான் எல்லாரும் வெளியே போகிறார்கள் போலிருக்கிறதே. அந்தக் கதவுக்கு அளவு ஏதாவது உண்டா?

பழுப்பேடு

உண்டு, அதுவும் சாசனத்துக்கு நூறு ஆண்டுகளுக்கு முந்தையது. 1837 டிசம்பரில் கனடாவில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த கிளர்ச்சியாளர்களுக்குப் பொருள் கொண்டுபோன கரோலின் என்ற கப்பலை, அமெரிக்கக் கரையிலேயே பிரிட்டிஷ் படை பிடித்து, தீ வைத்து, நயாகரா ஆற்றில் விட்டது. தற்காப்பு என்றது பிரிட்டன். அப்படியானால் தேவை உடனடியானதாக, மீற முடியாததாக, வேறு வழி தேடவோ யோசிக்கவோ நேரமே இல்லாததாக இருந்தது என்று காட்டுங்கள் என்று அமெரிக்க வெளியுறவுச் செயலர் வெப்ஸ்டர் பதில் எழுதினார். எடுத்த நடவடிக்கையும் அளவு மீறக்கூடாது என்றார். 1842-இல் பிரிட்டன் அந்த அளவுகோலை மறுக்கவில்லை, தன் செயல் அதற்குள் அடங்கும் என்று வாதிட்டு, வருத்தமும் தெரிவித்தது.

சாசனத்தின் பிரிவு 51 ஆயுதத் தாக்குதல் நடந்திருக்க வேண்டும் என்கிறது, எடுத்த நடவடிக்கையை உடனே பாதுகாப்பு அவைக்குத் தெரிவிக்கவும் சொல்கிறது. தாக்குதல் நடக்கும் முன்பே தற்காப்பு உண்டா என்பது இன்றும் தீராத சச்சரவு.

கடலோடி

அந்தப் பாதுகாப்பு அவைதான் என் குறை. அளவுகோல் இருக்கிறது, அளக்கும் இடத்தில் அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் என்ற ஐந்து பேர் கையில் வீட்டோ இருக்கிறது. சாசனத்தைத் திருத்தலாம் என்றால், பிரிவு 108-இன்படி அதற்கும் அந்த ஐவரின் ஒப்புதல் வேண்டும். 193 நாடுகள் சமம் என்று முதல் கொள்கையில் எழுதிவிட்டு, இந்த இடத்தில் சமம் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள்.

நெடுவழி

அந்தக் குறையை மறைக்க மாட்டேன். 1945-இல் அந்த ஐவரும் வீட்டோ இல்லாமல் சேர மாட்டோம் என்று நின்றார்கள், சிறிய நாடுகள் எதிர்த்துப் பேசியும் தோற்றன. ஆனால் ஓரங்களில் அசைகிறது. பாதுகாப்பு அவை முடங்கினால் பொதுச் சபை கூடிப் பரிந்துரைக்கலாம் என்று 1950-இல் தீர்மானம் வந்தது. 2022 ஏப்ரலில், யார் வீட்டோ செய்தாலும் பத்து வேலை நாள்களுக்குள் பொதுச் சபை கூடி அதைப் பற்றி விவாதிக்க வேண்டும் என்று வாக்கெடுப்பே இல்லாமல் முடிவானது.

கடலோடி

விவாதம் தீர்மானம் ஆகாது. சாசனத்தின் பிரிவு 27-இன் மூன்றாவது பத்தியிலேயே, அமைதி வழித் தீர்வுக்கான முடிவுகளில் தகராறில் சம்பந்தப்பட்ட நாடு வாக்களிக்காமல் ஒதுங்க வேண்டும் என்று இருக்கிறது. அதை முதலில் உயிரோடு கொண்டுவரச் சொல்லுங்கள். திருத்தம் தேவையில்லை, ஐவரிடம் புதிதாகச் சம்மதமும் கேட்க வேண்டாம், கையெழுத்திட்டதை நிறைவேற்றினால் போதும்.

நெடுவழி

இதில் உங்களோடு முழுக்க நிற்கிறேன். வாக்கைக் காப்பாற்றச் சொல்லும் வியன்னா ஒப்பந்தத்தின் பிரிவு 26 கேட்பதும் அதைத்தான். அவையின் தொடக்க ஆண்டுகளில் அந்தப் பத்தியை மதித்து ஒதுங்கிய நாடுகளும் இருந்தன, பிறகுதான் அது தூசி படிந்தது. எந்த வழக்கில் எந்த நாடு அப்படி ஒதுங்கியது என்று தனி இழையில் தொகுக்கலாமா? சட்டமாணவி கைகொடுத்தால் நாளைக்கே தொடங்கலாம்.

சட்டமாணவி

தொடங்குங்கள், அவையின் கூட்டப் பதிவுகளை நான் பார்க்கிறேன்.